குறியின் வயதும் பொருளின் வயதும்

பச்சை குத்தும் கடைகளில் வாடிக்கையாளர் முன் விரிக்கப்படும் வடிவத் தொகுப்புகளில் எகிப்தியக் கண், தலையில் வளையம் கொண்ட அங்க் குறி, வைக்கிங் மக்களுடையது என்று சொல்லப்படும் எட்டுக் கிளைத் திசைகாட்டி, தாய்லாந்தின் சுருள்கோடு, பசிபிக் தீவுகளின் முக்கோண வரிசைகள் ஆகியவை அடுத்தடுத்து இடம்பெறுவதும், ஒவ்வொன்றின் கீழும் பாதுகாப்பு, நிலைவாழ்வு, வழிகாட்டல், ஞானம், வீரம் என ஒற்றைச் சொல்லில் பொருள் தரப்படுவதும் இன்று பல நாடுகளில் வழக்கமாகிவிட்டன. இந்த ஏற்பாட்டில் ஒரு மயக்கம் இருக்கிறது. ஒரு குறி மூவாயிரம் ஆண்டுப் பழமை உடையதாக இருக்க, அதற்கு இன்று சொல்லப்படும் பொருள் நூறாண்டுகூட நிரம்பாததாக இருக்கக்கூடும். அதோடு, பண்டைச் சமூகங்கள் பலவற்றில் குறியின் பொருள் அதன் வடிவத்தில் மட்டும் அடங்கிவிடவில்லை. யார் குத்தினார், யாருக்குக் குத்தினார், உடலின் எந்த இடத்தில் குத்தினார் என்பவையும் சேர்ந்தே அதை முடிவு செய்தன. வடிவத்தை மட்டும் பெயர்த்தெடுத்து வரும்போது இவற்றில் எவை உடன்வருகின்றன, எவை பின்தங்கிவிடுகின்றன என்பதே இத்துறையில் கவனிக்க வேண்டிய கேள்வியாகும்.

மனித உடலில் நேரடியாகக் கிடைத்துள்ள மிகப் பழைய பச்சைக்குத்துகளைப் பார்த்தால், பொருள் தேடும் ஆவல் தொடக்கத்திலேயே தடுமாறுகிறது. 1991-ஆம் ஆண்டு ஆல்ப்ஸ் மலைத்தொடரில், இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையிலான எல்லைப் பகுதியில், பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்ட ஏட்சி எனும் மனிதன் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். அவன் உடலில் 61 குறிகள் எண்ணப்பட்டுள்ளன. அவற்றில் விலங்கும் இல்லை, தெய்வமும் இல்லை. எல்லாம் கரியால் இட்ட சிறு கோடுகளும் ஓரிரு சிலுவை வடிவங்களுமே. அவை பெரிதும் இடுப்புக்கு மேலுள்ள முதுகுப் பகுதியிலும் முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு ஆகிய மூட்டுகளை ஒட்டியும் அமைந்திருப்பதாலும், அந்த இடங்கள் சிலவற்றில் எலும்புத் தேய்மானம் காணப்படுவதாலும், வலி தீர்க்கும் சிகிச்சையாக அவை இடப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அந்தக் கருத்து சரியென்றால், உலகின் மிகப் பழைய பச்சைக்குத்துகளில் சில எதையும் ‘குறிக்கவே’ இல்லை. அவை குறியைவிட மருந்துக்கே நெருக்கமானவை.

உருவங்களும் ஏறத்தாழ அதே காலத்தில் தோன்றிவிட்டன. தென் எகிப்தின் கெபெலைன் என்ற இடத்திலிருந்து கிடைத்து, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நூறாண்டுக்கும் மேலாகக் காட்சிக்கு இருந்துவரும் ஓர் ஆண் உடலின் மேற்கையில் மங்கிய கறையாக மட்டும் தெரிந்த பகுதியை அகச்சிவப்புக் கதிர்ப் படமெடுப்பின் உதவியால் ஆராய்ந்தபோது, அது நீண்ட கொம்புடைய காளையும் காட்டுச் செம்மறியும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த ஓவியம் என்பது 2018-இல் வெளிப்பட்டது. கண்ணுக்குப் புலப்படாத இத்தகைய பச்சைக்குத்துகளை வெளிக்கொணரும் இந்த முறையே, எகிப்தியக் கண்ணைப் பற்றிய புரிதலையும் மாற்றியமைத்தது.

எகிப்தியக் கண் என்று பொதுவாக வழங்கப்படுவது ஹோரஸ் என்ற பருந்துமுகத் தெய்வத்தின் கண்ணாகும். தந்தையைக் கொன்ற சேத் என்ற தெய்வத்துடன் ஹோரஸ் நடத்திய போரில் அக்கண் சிதைக்கப்பட்டதாகவும், அறிவின் தெய்வமான தோத் அதைச் சீராக்கி முழுமையாக்கித் தந்ததாகவும் எகிப்தியப் புராணம் கூறுகிறது. மனிதக் கண்ணும், அதன் கீழே பருந்தின் முகத்தில் காணப்படும் கோடும் சுருளும் இணைந்த அதன் வடிவம், சிதைந்தது மீண்டும் முழுமையானது என்ற கருத்தைத் தாங்கியே பரவியது. எகிப்தியர் அதைத் தாயத்தாக அணிந்தனர்; உடலைப் பதப்படுத்துவதற்காக வயிற்றில் இட்ட வெட்டுவாயை மூடும் தகட்டில் அதைப் பொறித்தனர்; இறந்தவர் உள்ளிருந்தபடியே வெளியுலகைக் காண வேண்டும் என்பதற்காகச் சவப்பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு கண்களாகத் தீட்டினர். ஆக, காப்பது, குணமாக்குவது, காண்பது என்ற மூன்று பணிகளை அந்த ஒரு வடிவம் இடத்துக்கேற்ப மாறி மாறிச் செய்தது.

அரச கல்லறைகளைக் குடைந்து அலங்கரித்த கைவினைஞர்கள் குடியிருந்த தெயிர் எல்-மெதினா என்ற ஊரில் கிடைத்த ஒரு பெண்ணின் உடற்பகுதி, இந்தக் கண் உயிருள்ள தோலில் எவ்வாறு இடம்பெற்றது என்பதைக் காட்டியது. கி.மு. 1300-க்கும் 1070-க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்த அந்த உடலை ஆராய்ந்த ஆன் ஆஸ்டின் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர், அதன்மேல் மையால் வரைந்த ஓவியங்கள் என்று முதலில் எண்ணப்பட்டவை பச்சைக்குத்துகளே என்று கண்டறிந்தார். 2016-இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்பின்படி, முப்பதுக்கும் மேற்பட்ட குறிகள் அப்பெண்ணின் உடலில் இருந்தன: கழுத்தில் பபூன் குரங்குகள், கையில் ஹாத்தோர் தேவியின் பசுக்கள், இடுப்பில் தாமரைகள், கழுத்திலும் தோளிலும் முதுகிலுமாகப் பல தெய்வக் கண்கள். அவளை எந்தப் பக்கத்திலிருந்து நோக்கினாலும் ஓர் இணைக் கண்கள் எதிர்நோக்கும் வகையில் அவை அமைந்திருந்தன. முதுகிலுள்ள குறிகளை ஒருவர் தமக்குத் தாமே குத்திக்கொள்ள இயலாது, அத்தனை குறிகளை முடிக்க நாள்கள் பல ஆகியிருக்கும், வலியும் சிறிதன்று. ஹாத்தோர் வழிபாட்டோடு தொடர்புடைய சமயப் பணியோ, நோய் தீர்க்கும் பணியோ அவளுக்கு இருந்திருக்க வேண்டும் என்ற ஆய்வாளர் கருத்துக்கு வலுவூட்டுபவை இவையே. அங்கே கண் அவளை மட்டும் காக்கவில்லை. அவள் வழியாகத் தெய்வமே பார்த்தது என்று கொள்ள இடமுண்டு. கடைத் தொகுப்பில் ‘பாதுகாப்பு’ என்று மட்டும் எழுதப்படும் பொருள் தவறில்லை, ஆனால் மிகவும் சுருங்கிப்போன பொருளாகும்.

இதே கண்ணுக்குப் பிற்காலத்தில் ஏறிய ஒரு பொருளின் கதை சுவையானது. கண்ணின் ஆறு உறுப்புகளும் முறையே 1/2, 1/4, 1/8, 1/16, 1/32, 1/64 என்ற தானிய அளவுப் பின்னங்களைக் குறித்தன என்றும், அவற்றின் கூட்டுத்தொகையான 63/64-இல் குறைபடும் ஒரு பங்கைத் தோத் தன் மந்திரத்தால் நிறைவு செய்தார் என்றும் ஒரு விளக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாகி, ஆலன் கார்டினர் 1927-இல் வெளியிட்ட எகிப்திய இலக்கண நூலின் வழியே புகழ்பெற்றது. அழகான விளக்கம்தான், பள்ளிக் கணக்கு நூல்கள் வரை அது நுழைந்தது. ஆனால் அந்தப் பின்னங்களுக்கு எழுத்தர்கள் விரைவெழுத்தில் பயன்படுத்திய குறிகள் கண்ணின் உறுப்புகளிலிருந்து தோன்றவில்லை என்பதைக் கணித வரலாற்றாளர் ஜிம் ரிட்டர் 2002-இல் எடுத்துக்காட்டினார். இன்றும் அந்தப் பின்னங்களோடு சேர்த்துக் கண்ணைப் பச்சை குத்திக்கொள்பவர் உண்டு. அமெரிக்க டாலர் தாளில் பிரமிடின் மேல் காணப்படும் கண்ணையும் இதனோடு குழப்பிக்கொள்பவர் அதைவிட மிகுதி. அதுவோ ஐரோப்பியக் கிறித்தவ ஓவிய மரபில் இறைவனின் திருநோக்கைக் காட்டியதாகும்.

பழமையைப் பற்றிய மயக்கம் மிகத் தெளிவாக வெளிப்படுவது, வெக்விசிர் எனப்படும் வட ஐரோப்பியத் திசைகாட்டிக் குறியில்தான். ஒரு மையத்திலிருந்து எட்டுக் கோடுகள் பிரிந்து, ஒவ்வொன்றும் வெவ்வேறு குறுக்குக் கோடுகளிலும் வளைவுகளிலும் முடியும் இவ்வடிவம், கடலோடிகளான வைக்கிங் வீரர்கள் புயலில் வழி தவறாதிருக்க அணிந்த சின்னம் என்று பச்சை குத்துவோர் உலகெங்கும் நம்புகின்றனர். வைக்கிங் காலம் என்று வரலாற்றாளர் வழங்குவது எட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் பதினோராம் நூற்றாண்டு வரையிலான காலமாகும். வெக்விசிர் பற்றிய பெயர்பெற்ற சான்றோ, ஐஸ்லாந்தில் கெயிர் விக்ஃபூசன் என்பவர் 1860-இல் தொகுத்த ‘ஹுல்த்’ என்ற கையெழுத்துச் சுவடியில் காணப்படுகிறது. இக்குறியை உடன் வைத்திருப்பவர், அறியாத வழியாயினும் புயலிலும் மழையிலும் திசை தவறமாட்டார் என்ற கருத்தும் அங்கேதான் உள்ளது. இரண்டுக்கும் இடையே எட்டு நூற்றாண்டு இடைவெளி நிற்கிறது. ஐரோப்பாவில் சாலமோன் மன்னரின் பெயரால் வழங்கிய மாந்திரீக நூல்களின் முத்திரைகள் ஐஸ்லாந்து மாந்திரீகருக்குக் கிடைத்து, அங்கே உருமாறிய மரபில் இத்தகைய குறிகள் தோன்றியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு.

இதில் இன்னொரு முரணும் உண்டு. கடைகளில் இந்தத் திசைகாட்டியைச் சுற்றி வட்டமாகப் பண்டை வட ஐரோப்பிய ரூன் எழுத்துகளை எழுதுவது வழக்கம். சுவடியில் அந்த வட்டம் இல்லை. சுற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் 24 எழுத்துகள் கொண்ட பழைய ரூன் வரிசையைச் சேர்ந்தவை. அவ்வரிசை வைக்கிங் காலம் தொடங்கும் தறுவாயிலேயே வழக்கிழந்து, 16 எழுத்துகள் கொண்ட புதிய வரிசை அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. எனவே வைக்கிங் சின்னம் என்று இன்று முழங்கையில் ஏறும் வடிவத்தில் வைக்கிங் காலத்துக்கு முந்திய எழுத்தும், அக்காலம் முடிந்து நெடுங்காலத்துக்குப் பிந்திய குறியும் இருக்க, வைக்கிங் காலத்துக்கே உரியது என்று சொல்ல ஒன்றும் இல்லாமல் போகிறது. அம்மக்களிடம் உடற்குறி வழக்கமே இல்லை என்று இதனால் முடிவுகட்டிவிடவும் கூடாது. பாக்தாத் கலீபாவின் தூதுக்குழுவில் 921-இல் புறப்பட்டு வோல்கா ஆற்றங்கரைக்குச் சென்ற இபின் ஃபத்லான், அங்கே கண்ட, வைக்கிங் வழியினரான ரூஸ் வணிகர்களின் உடலில் விரல்நுனி முதல் கழுத்து வரை மரங்களும் உருவங்களும் பச்சை நிறத்தில் இருந்ததாகக் குறித்துள்ளார். அந்த உருவங்கள் எவை என்பதற்கு ஒரு தோல்துண்டும் எஞ்சவில்லை. எஞ்சாத அந்த வெற்றிடத்தைத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுவடி நிரப்புகிறது.

கரி பச்சையாகத் தோன்றுவதன் காரணத்தை இங்கே சொல்லிவிடலாம். ஊசி செலுத்தும் நிறத்துகள்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும் மேல்தோலைக் கடந்து, டெர்மிஸ் எனப்படும் உட்தோலில் தங்குகின்றன. அயற்பொருளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற உயிரணுக்கள் அத்துகள்களை விழுங்கிச் செரிக்க இயலாமல் தமக்குள் அடக்கிவைக்கின்றன. ஓர் உயிரணு இறந்தால் அது விட்ட துகளை அடுத்த உயிரணு விழுங்குகிறது. குறி வாழ்நாள் முழுதும் நிலைப்பது இதனால்தான். கருமையான கரித்துகளைத் தோலின் ஊடாகக் காணும்போது, தோல் நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பதால் அது நீலமும் பசுமையும் கலந்து தோன்றுகிறது.

தாய்லாந்திலும் கம்போடியாவிலும் வழங்கும் சக் யந்த் என்ற மரபு, வடிவத்தையும் பொருளையும் பிரித்துவிடாமல் இன்றளவும் காத்துவரும் மரபுகளுள் ஒன்றாகும். யந்த் என்பது வடமொழியின் யந்திரம். கோயில்களிலும் வீடுகளிலும் செப்புத்தகட்டில் காணும் அதே யந்திரமே அங்கே தோலில் எழுதப்படுகிறது. பாலி மொழி மந்திரங்கள் கெமேர் எழுத்தின் ஒரு வகையான கோம் எழுத்தில் பொறிக்கப்படுகின்றன. அந்தக் கெமேர் எழுத்து, பல்லவர் காலத்தில் தென்னிந்தியாவில் வழங்கிக் கடல்கடந்து சென்ற எழுத்தின் வழித்தோன்றல் ஆதலால், பாங்காக் இளைஞர் ஒருவரின் தோளிலுள்ள வரிகளுக்கும் மாமல்லபுரத்துக் கல்வெட்டுகளுக்கும் மெய்யான உறவு உண்டு. ஐந்து வரி மந்திரம், மேருமலையின் சிகரங்களைக் காட்டும் ஒன்பது முடி, இரட்டைப் புலி ஆகியவை பெயர்பெற்ற வடிவங்கள். நீண்ட உலோகக் கோலின் முனையால் அவற்றைக் குத்துபவர் துறவியாகவோ ஆச்சான் எனப்படும் இல்லற ஆசானாகவோ இருப்பார். குத்தி முடித்தபின் அவர் மந்திரம் ஓதிக் குறியின்மேல் ஊதினால்தான் அது உயிர் பெறும் என்பதும், பெற்றவர் பொய், களவு முதலியவற்றை விலக்கி ஒழுகாவிட்டால் அதன் ஆற்றல் குன்றும் என்பதும் நம்பிக்கை. மைக்குப் பதிலாக எண்ணெயைக் கொண்டு, பிறர் கண்ணுக்கு எதுவும் தெரியாதபடி குத்திக்கொள்ளும் முறையும் அங்குண்டு. காட்சிக்காக அன்றி ஆற்றலுக்காகக் குறி இடப்படுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பாங்காக்குக்கு மேற்கேயுள்ள வாட் பாங் பிரா விகாரையில் ஆண்டுதோறும் நடைபெறும் ஆசிரியர் வணக்க விழாவில், புலி குத்தியவர்கள் புலியாகவே மாறிச் சீறியபடி முன்னோக்கிப் பாய்வதும், காவலர்கள் அவர்களைத் தடுத்து நிறுத்தித் தெளியவைப்பதும் நிகழும்.

இந்த யந்திரங்களின் உச்சியில் சுடர்போல் எழும் சுருள்கோடுதான் உனலோம். புத்தரின் புருவங்களுக்கிடையே இருந்ததாக நூல்கள் கூறும் வெண்சுருளை, அதாவது மகாபுருடனுக்குரிய முப்பத்திரண்டு இலக்கணங்களுள் ஒன்றை, அது காட்டுகிறது. அண்மை ஆண்டுகளில் அக்கோடு யந்திரத்திலிருந்து தனியே கழற்றப்பட்டு மணிக்கட்டிலும் பிடரியிலும் நேர்த்தியான சிறு வடிவமாகப் பரவியபோது, சுருள்கள் வாழ்க்கைக் குழப்பத்தையும் நேர்கோடு தெளிவையும் மேலுள்ள புள்ளிகள் விடுதலையையும் குறிக்கின்றன என்ற விளக்கம் அதற்கு ஏறியது. இவ்விளக்கம் பௌத்தக் கருத்துக்கு முரணானதன்று. ஆயினும் அந்த வடிவம் யந்திரத்தின் உச்சியில் செய்துவந்த பணிக்கும் இதற்கும் தொடர்பு மெல்லியதே. இந்தச் சுருளைக் காலில் குத்திக்கொண்டு தாய்லாந்துக்குச் செல்லும் வெளிநாட்டவர், உடலின் கீழ்ப்பகுதியில் புனிதக் குறி தகாது என்று கருதும் மக்களின் முகச்சுளிப்பைக் காண நேர்கிறது.

தமிழ்நாட்டில் பச்சை குத்தும் தொழில் நெடுங்காலம் ஊர் ஊராகச் செல்லும் குறவர் இனப் பெண்களிடம் இருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அவர்கள் மை செய்த முறையை விரிவாகப் பதிவு செய்துள்ளார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்தரைத்து, மெல்லிய துணியில் பூசித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் ஊற்றிய அகல்விளக்கில் ஏற்றி, அதன்மேல் புதுச்சட்டியைக் கவிழ்த்து, உள்ளே படிந்த கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்தனர். தேள், மீன், பறவை, பூ ஆகியவற்றோடு புள்ளியும் கோடுமாக அமைந்த கோலங்களும் பெண்களின் கைகளில் ஏறின. வாசலில் நாள்தோறும் அழிந்து நாள்தோறும் புதிதாகும் வடிவம், கையில் ஏறியதும் அழியாததாகிவிடுகிறது. உயிர் பிரியும்போது நகைகள் கழற்றப்பட்டுவிடும், உடன் வருவது பச்சை ஒன்றே என்ற நம்பிக்கை, இந்தியாவின் பல பகுதிகளைப் போலவே இங்கும் பெண்களிடம் நிலவியது.

இக்கோலங்களுள் ஆய்வாளரை மிகவும் ஈர்த்தது ‘கோட்டை’ எனும் சுற்றுவழி வடிவமாகும். ஒரே வாயில் வழி நுழைந்து, கிளைவழி எதுவுமின்றி முன்னும் பின்னும் வளைந்து வளைந்து நடுவைச் சேரும் இந்த ஏழு சுற்று வடிவம் கிரேக்க நாட்டின் பைலோஸ் அரண்மனையில் கிடைத்த களிமண் பலகையொன்றின் பின்புறத்தில் காணப்படுகிறது. ஏறத்தாழ கி.மு. 1200-இல் அரண்மனையோடு தீயில் வெந்து கெட்டியான அப்பலகையின் முன்புறத்தில் இருப்பது ஆட்டுக் கணக்கு. வேலைக்கிடையே எழுத்தர் கிறுக்கியது போலும். கிரீட் தீவின் நாணயங்களிலும் அது உண்டு. கர்நாடகத்தின் ஹளேபீடு கோயிற் சிற்பத்தில் அபிமன்யு சிக்கிய சக்கரவியூகமாகவும் இதே வகை வடிவம் செதுக்கப்பட்டுள்ளது. பிரிட்டிஷ் மானிடவியலாளர் ஜான் லேயார்ட், தென்னிந்திய வாசற்கோலங்களையும் பச்சைக்குத்துகளையும் ஒப்பிட்டு 1937-இல் ‘ஃபோக்லோர்’ இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பசிபிக் பெருங்கடலின் மலெக்குலா தீவில் முன்னர் களப்பணி செய்திருந்த அவர், இறந்தவரின் ஆவியை வழிமறிக்கும் காவற்பேய் மணலில் வரைந்த சுற்றுவழியில் பாதியை அழித்துவிடும் என்றும், அழிந்த பாதியை நிறைவு செய்யத் தெரியாத ஆவியை அது விழுங்கிவிடும் என்றும் அங்கு நிலவிய நம்பிக்கையை அறிந்தவர். தமிழகத்து வாசலிலும் கையிலும் உள்ள கோட்டைக்கும் அத்தகைய மறுமைப் பொருளே அடிப்படை என்பது அவர் வாதத்தின் போக்கு.

துணிச்சலான வாதம்தான், ஆனால் அதை அப்படியே ஏற்பது கடினம். ஒரு சிலுவைக்கோட்டையும் அதன் நான்கு மூலைகளில் மடக்குக் கோடுகளையும் நான்கு புள்ளிகளையும் இட்டு, முனைகளை வரிசையாக வளைத்து இணைத்தால் எவரும் வரைந்துவிடக்கூடிய வடிவம் அது. வடிவம் ஒன்றாயிருப்பது பொருள் ஒன்றென்பதற்குச் சான்றாகாது. பைலோஸ் எழுத்தருக்கு அது பொழுதுபோக்கு, ஹளேபீடு சிற்பிக்குப் போர்க்களம், மலெக்குலா மக்களுக்கு மறுமையின் வாயில். வாசலில் கோலமிட்ட பெண்ணுக்கு அது வீட்டைக் காக்கும் அரண் என்பதைக் கோட்டை என்ற பெயரே போதிய அளவு சொல்லிவிடுகிறது.

ஒரு குறியின் பழைய பொருள் முழுவதையும் ஒரு தலைமுறைக்குள் புதிய பொருள் விழுங்கிவிடுவதும் உண்டு. அமெரிக்காவின் நவஹோ மக்கள் தம் கம்பளங்களில் நெய்துவந்த சுழலும் மரக்கட்டைச் சின்னம், ஸ்வஸ்திக வடிவமே ஆகும். நாஜிகளால் அது பெற்ற களங்கத்தைக் கண்டு, நவஹோ, ஹோப்பி, அப்பாச்சி, பாப்பகோ ஆகிய நான்கு இனத்தாரும் இனி அதைப் பயன்படுத்துவதில்லை என்று 1940-இல் கையொப்பமிட்டு அறிவித்தனர். இதற்கு நேர்மாறாக, பண்டை ஜெர்மானியரின் சூரியச் சின்னம் என்று விற்கப்படும் ‘கருஞ்சூரியன்’ வடிவம், நாஜி ஆட்சிக் காலத்தில் வெவெல்ஸ்பர்க் கோட்டையின் தரையில் பதிக்கப்பட்டதாகும். பழமையென்று நம்பி அதை முதுகில் ஏற்றிக்கொள்பவர், அறியாமலே எவருடைய கொடியைச் சுமக்கிறார் என்பது வெளிப்படை.

சட்டமும் இதில் தலையிட்டிருக்கிறது. தாமரையில் அமர்ந்த புத்தரைக் கையில் பச்சை குத்தியிருந்த பிரிட்டன் நாட்டுப் பெண் ஒருவர் 2014-இல் இலங்கை விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பௌத்தத்தின்மீது கொண்ட பற்றினாலேயே அதைக் குத்திக்கொண்டதாக அவர் கூறினார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று 2017-இல் தீர்ப்பளித்த இலங்கை உச்ச நீதிமன்றம், அவருக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது. மரியாதை என்று ஒருவர் சுமந்த குறி, இன்னொருவர் கண்ணில் அவமதிப்பாகத் தெரிந்ததே வழக்கின் அடிப்படை.

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இச்சிக்கலுக்கு நடைமுறைத் தீர்வொன்றைக் கண்டிருக்கின்றனர். அவர்களுடைய மோகோ என்னும் முகக்குறி, எலும்பு உளியால் தோலில் பள்ளமாகச் செதுக்கப்பட்டு, அணிந்தவரின் குலத்தையும் தகுதியையும் அறிவித்தது. 1840-இல் ஆங்கிலேயருடன் செய்துகொண்ட வைத்தாங்கி உடன்படிக்கையில் தலைவர்கள் சிலர் கையொப்பத்துக்குப் பதிலாகத் தம் மோகோவின் ஒரு பகுதியையே வரைந்தனர். ஆகவே இன்னொருவர் மோகோவை நகலெடுப்பது அவருடைய பெயரைத் திருடுவதற்கு ஒப்பாகக் கருதப்படுகிறது. அழகுக்காக அவ்வடிவங்களை விரும்பி வரும் வெளியாருக்கென்று மாவோரிக் கலைஞர்கள் கிரிதுஹி என்ற தனி வகையை வகுத்துள்ளனர். அதில் வளைவும் சுருளும் மாவோரி நடையில்தான் இருக்கும். குலமரபைச் சொல்லும் கூறுகள் மட்டும் இடம்பெறுவதில்லை. வந்தவரின் வாழ்க்கையைக் கேட்டறிந்து, அதற்கேற்பப் புதிய வடிவமொன்றைக் கலைஞர் அமைத்துத் தருகிறார்.